வெறும் வயிற்றில் ‘நார்மல்’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வராத வாரம் இல்லை. எதைச் சாப்பிடலாம், எதை ஒதுக்கலாம் என்பதோடு பெரும்பாலும் அவை நின்றுவிடுகின்றன. சர்க்கரையை எப்படி அளப்பது, வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று விரித்து எழுதுவார் குறைவு. வளரும் நாடுகளின் நகரங்களில் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களுக்கு இன்று பரிசோதனை எட்டாத பொருள் இல்லை. பல அலுவலகங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனைக்கு அனுப்புகின்றன. வீட்டு அலமாரியில் குளுக்கோமீட்டர் கிடக்கிறது. அப்படியிருந்தும் கண்ணில் ரத்தக்கசிவு, காலில் ஆறாத புண், நெஞ்சுவலி என்று ஏதாவது வந்த பிறகுதான் பலருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிகிறது. அளக்க வேண்டிய நேரத்தில் அளக்காததும், அளந்த விதம் பிசகியதும் இதற்குப் பெரிய காரணங்கள் என்பது ஆய்வகத்திலும் நீரிழிவுப் பிரிவிலும் வேலை பார்க்கும் எங்கள் கருத்து. அதை விளக்கவே இந்தக் கடிதம்.

நோயின் பரப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, 20 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் 58.9 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐந்தில் நான்கு பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறவர்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 10.1 கோடிப் பேருக்கு நோய்; 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில். நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9 சதவீதம். ‘பணக்காரர் வியாதி’ என்ற பழைய பேச்சும் இனி எடுபடாது. இதே ஆய்வின் 2017ஆம் ஆண்டு முடிவுகளில், சண்டிகர், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகியவற்றின் நகரப் பகுதிகளில் வசதி உள்ளவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே நோய் அதிகம் இருந்தது. வசதி உள்ளவர்களிடம் முதலில் வந்த நோய் இப்போது கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. நடுத்தர வர்க்கம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

‘ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கெப்படி வரும்?’ என்று கேட்பவர்கள் நிறைய. தெற்காசிய உடலுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்தவர், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்தவர். இருவருக்கும் உடல் நிறை குறியீடான பிஎம்ஐ ஒன்றே: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு பிரிட்டன் மருத்துவருக்கு 9.1 சதவீதம், புனே மருத்துவருக்கு 21.2 சதவீதம். எடை இயந்திரத்துக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். கல்லீரலுக்கும் கணையத்துக்கும் அப்படி இல்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு கல்லீரலை இன்சுலின் சொல் கேளாததாக ஆக்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசிய மக்களுக்கு பிஎம்ஐ 23இலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று சொன்னதும் அதே 2004இல்தான்.

ஆகவே எடை பார்ப்பதோடு இடுப்பையும் அளந்தாக வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பவை தெற்காசியர்களுக்கான எல்லைகள். பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள். தொப்பை விழுந்தவர் பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார். பேண்டில் 34 அங்குலம் என்றிருக்கும், தொப்புள் மட்டத்தில் நாடாவைச் சுற்றினால் 38 காட்டும். நேராக நின்று, விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, தரைக்குக் கிடைமட்டமாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் நான்கைந்து செ.மீ. குறையும், உள்ளிருக்கும் கொழுப்பு குறையாது.

இந்த நாடாவை வைத்தே வீட்டில் ஒரு கணக்குப் போடலாம். சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் 2005 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வயது 35 முதல் 49 வரை என்றால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 30. இடுப்பு ஆணுக்கு 90 முதல் 99 செ.மீ. வரை, பெண்ணுக்கு 80 முதல் 89 செ.மீ. வரை என்றால் 10. அதற்கும் மேல் என்றால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நோய் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. அறுபதைத் தொட்டால் அபாயம் அதிகம். அலுவலக மேசையில் நாளெல்லாம் உட்காரும் 42 வயது ஆண், இடுப்பு 92 செ.மீ., தாய்க்குச் சர்க்கரை. கூட்டிப்பாருங்கள், 70 வருகிறது. இவருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆண்டுதோறும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, 99 என்று வந்துகொண்டிருக்கும். ‘நூறுக்குள்தானே’ என்று அறிக்கையைக் கோப்பில் சொருகிவிடுவார்.

இங்கேதான் பிசகு. இரவு முழுக்க ரத்தத்தில் சர்க்கரையைப் பிடித்து வைத்திருப்பது கல்லீரல். அந்த வேலைக்குச் சிறிதளவு இன்சுலின் போதும். சாப்பிட்டவுடன் நிலைமை வேறு. கணையம் முதல் சில நிமிடங்களில் ஒரு வீச்சு இன்சுலினை அள்ளி விட வேண்டும்; தசைகள் அந்தச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். நோய் தொடங்கும்போது முதலில் மங்குவது அந்த வீச்சுதான். உட்கார்ந்தே வாழும் நகரவாசிக்குத் தசையும் குறைவு. எனவே வெறும் வயிற்றில் 98 இருப்பவருக்குக் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 190 இருப்பது அபூர்வம் இல்லை. 140 முதல் 199 வரை முந்தைய நிலை. 200 என்றால் நோய். வெறும் வயிற்றில் 126ம், மூன்று மாதச் சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சியில் 6.5ம் நோயின் எல்லைகள். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நோய் என்று சொல்லக் கூடாது. இன்னொரு பரிசோதனை அதை உறுதிசெய்ய வேண்டும்.

குளுக்கோஸ் பரிசோதனையை ஒழுங்காகச் செய்கிற இடம் குறைவு என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் ‘போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்று அனுப்பி, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிறார்கள். மருந்து சாப்பிடுகிறவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அது உதவும். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவாது. ஒருவர் அரை வயிறு சாப்பிடுவார், இன்னொருவர் வயிறு முட்டச் சாப்பிடுவார். இரண்டு எண்ணையும் எந்த எல்லையோடு ஒப்பிடுவது?

முறை இதுதான். முந்தைய மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். நாளொன்றுக்கு 150 கிராம் மாவுச்சத்தாவது உடலுக்குள் போயிருக்க வேண்டும். பரிசோதனைக்குப் பயந்து மூன்று நாள் அரிசி, கோதுமையைத் தொடாமல் இருந்துவிட்டு வந்தால், பழக்கம் விட்டுப்போன உடல் திடீரென வந்த குளுக்கோஸைச் சமாளிக்க முடியாமல் எண்ணைத் தூக்கிக் காட்டும். இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், பதினான்கு மணி நேரத்துக்கு மிகாமல் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். காலையில் முதல் ரத்தம் எடுத்ததும், நீர்சேராத குளுக்கோஸ் என்றால் 75 கிராம், நீர்சேர்ந்த வகை என்றால் 82.5 கிராம், 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். எந்த வகை என்று பொட்டலத்தில் படித்துவிட்டுத் தராசில் நிறுக்க வேண்டும். கரண்டிக் கணக்கில் ஒரு சிறு கரண்டி தவறினாலும் எண் தவறும். கடிகாரம் குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து ஓட வேண்டும். குடித்து முடித்ததிலிருந்து எண்ணுவது தவறு. அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும், புகைக்கக் கூடாது. ‘சும்மா இருப்பதற்குப் பதில் கடைக்குப் போய் வருகிறேன்’ என்று நடந்துவிட்டு வந்தால், நடக்கும் தசை சர்க்கரையை இழுத்துவிடும். 205 வரவேண்டியது 170 ஆகக்கூட இறங்கலாம். காய்ச்சலின்போதும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போதும் இந்தச் சோதனை வேண்டாம். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு அது செல்லாது. வேறொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ரத்தம் எடுத்த பிறகும் வேலை முடியவில்லை. குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அங்கேயும் அவை சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வெறும் வயிற்றில் எடுத்த, உண்மையில் 130 இருந்த ரத்தம், சாதாரணக் குழாயில் இரண்டு மணி நேரம் வண்டியில் சுற்றிவிட்டு ஆய்வகம் சேரும்போது 115 ஆகிவிடும். நோயாளி ஒருவர் ‘முந்தைய நிலை’க்காரர் ஆகிவிட்டார்! சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் சோடியம் ஃப்ளோரைடு இதைத் தடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். தடுக்கிறது, ஆனால் உடனே இல்லை. சர்க்கரை சிதையும் பாதையில் அது வேலை செய்யும் படி மிகவும் கீழே இருக்கிறது; முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சரிவு தொடரும். ரத்தம் எடுத்தவுடன் குழாயைப் பனிக்கட்டி நீரில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் சுழற்றி, அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவதே சரியான வழி. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரிடம் ‘எத்தனை மணிக்கு ஆய்வகம் போய்ச் சேரும்?’ என்று கேளுங்கள். அறிக்கையில் ரத்தம் எடுத்த நேரமும் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நேரமும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரம் இருந்தால் அந்த எண்ணில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

‘அப்படியானால் ஹெச்பிஏ1சி மட்டும் பார்த்துவிடலாமே, பட்டினியும் வேண்டாம்’ என்பது அடுத்த கேள்வி. நல்ல சோதனைதான். ஆனால் அது அளப்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை. அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்த ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். இரும்புச்சத்து குறைந்த சோகையில் எண் உள்ளதைவிட உயர்ந்து வரும். இரும்பு மாத்திரை கொடுத்ததும் சர்க்கரை அப்படியே இருக்க, எண் மட்டும் இறங்கும். அணுக்கள் சீக்கிரம் உடையும் நோயிலும், சமீபத்தில் ரத்தம் இழந்தவருக்கும் ஏற்றிக்கொண்டவருக்கும் எண் தாழ்ந்து வரும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தச் சோதனையைத் தனியாக நம்புவது சரியா? வங்காளத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவலாக இருக்கும் ஹீமோகுளோபின் ‘ஈ’, தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் குறைபாடுகளும் சில கருவிகளைக் குழப்பும். ஹீமோகுளோபின் அளவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஹெச்பிஏ1சியைப் படிக்க வேண்டும்.

ஒத்துப்பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஹெச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை கிடைக்கும். 6 என்றால் 126 சுமார், 7 என்றால் 154, 8 என்றால் 183. வீட்டில் எடுக்கும் எண்கள் எல்லாம் 110, 130 என்று இருக்க, ஹெச்பிஏ1சி 8.2 வந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ஒன்று ரத்தசோகை; இல்லாவிட்டால் வீட்டில் காலையில் மட்டும் எடுக்கிறார், மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுப்பதே இல்லை. எங்கள் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

குளுக்கோமீட்டரைப் பொறுத்தவரை, அது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. நோய் தெரிந்தவர் தினம் வழி பார்த்து நடக்க உதவுவது. பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 2013ஆம் ஆண்டுத் தரத்தின்படி, 100க்கு மேல் உள்ள எண்களில் 95 சதவீதம் ஆய்வக எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் கருவி தேறிவிட்டது. அதாவது உண்மையில் 200 என்றால் 170ம் சரி, 230ம் சரி. அடுத்தடுத்து இரண்டு முறை குத்தி 142, 158 என்று வந்ததும் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். தவறு பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு எண்ணை நூறு கூட உயர்த்தும். சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். சொட்டு வராவிட்டால் கையைத் தொங்கவிட்டு அசையுங்கள். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் இறங்கும். ரத்தத்தைத் தொட்டுவைக்கும் பட்டையான ஸ்ட்ரிப்பை அதன் புட்டியைவிட்டு வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் பொருள் அந்தப் புட்டியில்தான் இருக்கிறது. ஒன்றை எடுத்ததும் மூடிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் சர்க்கரை, கை ரத்தக்குழாயில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கருவியையும் ஆய்வகத்தையும் ஒப்பிட விரும்பினால் வெறும் வயிற்றில், ஐந்து நிமிட இடைவெளிக்குள் செய்யுங்கள்.

எப்போது அளப்பது என்பதில்தான் பயன் இருக்கிறது. தினம் காலையில் ஒன்று என்று நூறு ஸ்ட்ரிப்பைச் செலவழிப்பதற்குப் பதில், ஒரே சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் என்று ஜோடியாக எடுங்கள். திங்கள் காலை உணவு, புதன் மதியம், வெள்ளி இரவு. சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின்னர் 180க்குள் என்பது பெரும்பாலான பெரியவர்களுக்கான இலக்கு. முதியவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார். எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்பது இரண்டு வாரத்தில் கண்முன் தெரிந்துவிடும்.

சாப்பாடு என்றதும் எதைச் சேர்ப்பது என்ற பேச்சுதான் அதிகம். எவ்வளவு என்பதைச் சொல்பவர் குறைவு. 21 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். தெற்காசியாவில்தான் வித்தியாசம் அதிகம். அபாயம் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருந்தது. வெந்த சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 450 கிராம் என்றால் 126 கிராம், சோற்றில் மட்டும். ஒருமுறை சமையலறைத் தராசில் உங்கள் தட்டை நிறுத்துப் பாருங்கள். சிறுதானியத்துக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு வார்த்தை: உலர்ந்த சிறுதானியத்திலும் 100 கிராமில் 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்துதான். நார் அதிகம் என்பது உண்மை. மாவாக அரைத்து, அளவையும் குறைக்காமல் சாப்பிட்டால் அந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும். தட்டில் பாதி காய், கால்பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால்பங்கு தானியம். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுத் தானியத்துக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். இதை ஜோடி அளவில் நீங்களே சரிபார்க்கலாம்.

அடுத்தது தசை. சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடந்தால், இன்சுலின் அதிகம் தேவைப்படாமலே தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியோ வேண்டும்; நடை மட்டும் தசையைக் கூட்டாது. இதெல்லாம் பலன் தருமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஆசியாவிலேயே ஆதாரம் இருக்கிறது. சீனாவின் டாசிங் நகரில் 1986இல், முந்தைய நிலையில் இருந்த 577 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வில் ஆறாண்டு உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல் தந்தார்கள். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது நோய் சுமார் நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் குறைந்திருந்தன. முந்தைய நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு சென்னை ஆய்வாளர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டில் வழிகாட்டல் இல்லாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் 39.3 சதவீதம். கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை குறையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். அதோடு, மூன்றாண்டில் பாதிப்பேருக்கு மேல் நோய்க்குள் போய்விட்டார்கள் என்றால் ‘முந்தைய நிலைதானே, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட இடமில்லை.

இன்சுலின் போடுகிறவர்களின் வீட்டில் நடக்கும் ஒரு தவறை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. இந்தியா போன்ற நாடுகளில் பாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் விற்கிறது. பாட்டிலில் ‘40 ஐயூ’ என்றிருந்தால் ஒரு மி.லி.யில் 40 யூனிட்; ‘100 ஐயூ’ என்றால் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 செறிவு இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மி.லி.; அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! இரவில் போட்டால் விடியும்போது நினைவிழந்து கிடக்கலாம். மாறாக 40 செறிவை ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை 400ஐத் தாண்டும், ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று அளவைக் கூட்டுவார்கள், பிறகு சரியான சிரிஞ்ச் கிடைக்கும் நாளில் ஆபத்து. பாட்டிலைக் கையில் எடுத்ததும் எண்ணைப் படியுங்கள், சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். பேனாவின் குப்பியில் இருப்பது பெரும்பாலும் 100 செறிவு. அதிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சாதீர்கள். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கையில் பத்து முறை உருட்டிப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பேனா என்றால் முதலில் இரண்டு யூனிட்டை வெளியே தள்ளி, ஊசி முனையில் சொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். குத்தி அழுத்திய பின் பத்து வரை எண்ணிவிட்டு எடுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கட்டிபோல் தடித்துவிட்டால் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. வலிக்கவில்லை என்று அந்த இடத்தையே தேடிப் போவார்கள். அதைத்தான் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் பொறுத்து மறுபடி அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். சாதாரணச் சர்க்கரை என்றால் மூன்று தேக்கரண்டி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை உடனே பலிக்காது, அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுத்துவைத்திருக்கிறது. குளுக்கோஸ் பொடியே வேண்டும். இந்த மாத்திரைகளைப் பலருக்கு எழுதிக்கொடுக்கிறார்கள், இந்த எச்சரிக்கையைச் சொல்வோர் குறைவு. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிபென்கிளமைடு, கிளிமெப்பிரைடு மாத்திரை சாப்பிடும் முதியவர், அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால், ஒருமுறை தேறியதும் விட்டுவிடக் கூடாது. மறுபடி இறங்கும், ஒருநாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும்.

நோய் உள்ளவர்களுக்கான வருடாந்திரச் சோதனைகளில் மூன்று விடுபட்டுப்போகின்றன. கண்ணின் பின்திரையைக் கண்மணியை விரித்துப் பார்ப்பது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், 30க்குள் இருக்க வேண்டும். சாதாரணச் சிறுநீர்ச் சோதனையில் ‘புரதம் இல்லை’ என்று வந்தால் போதாது, ஆரம்பக் கசிவு அதில் தெரியாது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. பல ஆண்டாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதிலும் சைவ உணவுக்காரர்கள், வைட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும். கால் எரிச்சலுக்குச் சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிட்டால் குணமாகக்கூடிய ஒன்று கைநழுவிப்போகும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவம் ஆனதும் எண் இயல்புக்கு வந்துவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். பின்னாளில் இவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு. பிரசவமாகி ஆறாவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை, பிறகு ஆண்டுதோறும். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை வைத்திருப்பதுபோல் தாய்க்கும் ஒரு தேதி எழுதிவைத்தால் மறக்காது. இந்தக் காலத்தில் ஹெச்பிஏ1சியை நம்ப வேண்டாம். பிரசவத்தில் போன ரத்தம் எண்ணை மாற்றியிருக்கும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். நவம்பர் 14, உலக நீரிழிவு நாள், வரும்போது இடுப்பை எங்கே, எப்படி அளப்பது என்ற படத்தையும், மேலே சொன்ன அபாய மதிப்பெண்ணையும் முதல் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். ‘சர்க்கரை 140’ என்று இனி செய்தி எழுதும்போது, சாப்பிடுமுன் எடுத்ததா பின்னர் எடுத்ததா, கையில் எடுத்ததா விரலில் எடுத்ததா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். உங்கள் ஊழியர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை ஏற்பாடு செய்யும்போது, மதிப்பெண் 60ஐத் தொடுகிறவர்களுக்காவது இரண்டு மணி நேரக் குளுக்கோஸ் சோதனையைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர்களுக்கு விடுப்பும் உட்கார ஒரு நாற்காலியும் தேவைப்படும்.

இப்படிக்கு,
நீரிழிவுப் பராமரிப்பிலும் ஆய்வகத்திலும் பணிபுரிபவர்கள் சிலர்